பூசணம் பூத்த மல்லாட்டையும் நம் சிறுகுடலும்



எங்கள் வகுப்பில் ஒரு நாள் பெரிய சண்டை நடந்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மல்லாட்டைப் பருப்பு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடுதிக்கு வந்திருக்கும் எங்கள் தோழி ஒருத்தி, ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு துணிப்பை நிறைய மல்லாட்டை கொண்டு வந்தாள். நிலக்கடலை, வேர்க்கடலை என்றெல்லாம் புத்தகத்தில் எழுதினாலும் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் அது மல்லாட்டைதான். மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக் கொட்டை, அது வாயில் தேய்ந்து மல்லாட்டை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். ஒருத்திக்குக் கசப்புப் பருப்பு வாயில் அகப்பட்டது. “தூ” என்று துப்பினாள். பக்கத்தில் இருந்தவளோ, “உணவுப் பொருளைத் துப்பக்கூடாது, விழுங்கிவிடு. வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்” என்றாள். துப்பியது சரியா, விழுங்கியிருக்க வேண்டுமா? மணி அடித்த பிறகும் வாதம் ஓயவில்லை. வகுப்புக்கு வந்த உயிரியல் சிஸ்டர் இரு கட்சிகளையும் கேட்டுவிட்டு, “வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானா என்று நீங்களே தேடிப் படித்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். ஆகவே நூலகத்தில் பல மாலைகள் உட்கார்ந்தோம். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், நல்ல மல்லாட்டையை நாம் தின்றால் என்ன நடக்கிறது? அதில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். ஏழை வீட்டுக்கு இதைவிட மலிவான புரதம் கிடைப்பது அரிது. ஆனால் புரதம் புரதமாகவே உடலில் சேர்வதில்லை. அது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. உடலுக்கு வேண்டிய மணிகள் 20 வகை. அவற்றுள் 9 வகையை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். மாலையை அறுத்து மணிகளைப் பிரிப்பதே செரிமானம். “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று வீட்டில் சொல்வது பல்லின் வேலையை மட்டும்தான். அதன்பின் இரைப்பையில் பெப்சினும், சிறுகுடலில் கணையம் அனுப்பும் டிரிப்சின் முதலிய நொதிகளும் அறுக்கின்றன. கடைசியில் தனி மணிகளும், இரண்டு மூன்று மணிகள் சேர்ந்த துண்டுகளும் சிறுகுடலின் சுவரை வந்தடைகின்றன.

இந்தச் சுவர் ஓர் அதிசயம்! அதில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியையும் மூடியிருக்கும் செல்களின் மேல் இன்னும் நுண்ணிய தூரிகை இழைகள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு இருக்கும் என்று பல பழைய புத்தகங்களில் போட்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் மறுபடி அளந்து பார்த்து, அவ்வளவு இல்லை, சுமார் 30 சதுர மீட்டர்தான், அதாவது பாதி பேட்மிண்டன் ஆடுகளம் என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் பள்ளி மைதானத்தில் கோடு போட்ட ஆடுகளத்தின் பாதியில் நின்று பார்த்தோம். இதுவும் ஒரு சிறு வயிற்றுக்குள் அடங்கியிருக்கிறதே என்று வியப்பாகத்தான் இருந்தது.

இந்தச் சுவரில் அமினோ அமிலங்கள் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. அவற்றுக்கென்று வாயில்கள் உண்டு. சிதம்பரத்திற்குப் போகும் தோழியர் நடராசர் கோயிலின் நான்கு கோபுர வாயில்களைப் பார்த்திருப்பீர்கள். கீழ வீதியிலிருந்து வருகிறவர் கீழைக் கோபுரத்தில் நுழையலாம். விரும்பினால் சுற்றிக்கொண்டு மேலைக் கோபுரத்திலும் நுழையலாம். குடலில் அந்தச் சுதந்தரம் குறைவு. நடுநிலை அமினோ அமிலங்களுக்கு ஒரு வாயில், காரத்தன்மை உள்ளவற்றுக்கு ஒன்று, அமிலத்தன்மை உள்ளவற்றுக்கு ஒன்று, புரோலின் போன்றவற்றுக்கு ஒன்று என்று பெரும்பாலும் தனித்தனி. இரண்டு மூன்று மணிகள் சேர்ந்த துண்டுகளுக்கு வேறொரு வாயில். இவை சும்மா திறந்து கிடக்கும் வாயில்களும் அல்ல. வாயில்காப்பாளர்கள் புரதத்தால் ஆனவர்கள். அவர்களில் முக்கியமானவர்கள், அமினோ அமிலத்தோடு சோடியமும் கைகோத்து வந்தால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே புகுந்த சோடியத்தை மறுபக்கம் வெளியேற்ற ஓர் இறைப்பான் ஓயாமல் வேலை செய்கிறது. சர்க்கரையும் இதே முறையில்தான் நுழைகிறது. வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது இதனால்தான் என்று தெரிந்தபோது, எங்களுக்கு ஏதோ புதையல் கிடைத்தது போல் இருந்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குடல் சுவரின் செல்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழையன உதிர்ந்து புதியன வருகின்றன. ஆகவே குடல் ஓயாது புதுப் புரதம் செய்துகொண்டே இருக்கவேண்டும். சுவரும் புரதம், வாயில்காப்பாளரும் புரதம், நொதியும் புரதம். பின்னால் வரும் கதைக்கு இது மிக முக்கியம்.

இனிப் பூசணத்தைப் பார்ப்போம்.

பூசணம் எல்லாமே பொல்லாதது அல்ல. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பென்சிலினும் ஒரு பூசணம் தந்த கொடைதான். ஆனால் சில பூசணங்கள் தாம் வளரும் தானியத்தில் நஞ்சைச் சுரந்து வைக்கின்றன. இந்த உண்மையை உலகம் விழித்துப் பார்த்தது 1960இல். அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. நோய் இன்னதென்று தெரியாததால் அதற்கு “வான்கோழி எக்ஸ் நோய்” என்று பெயர் வைத்தார்கள். கணக்கில் எக்ஸ் போடுவது போலத்தான்! விடை எங்கே கிடைத்தது தெரியுமா? பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில். அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சட்பச்சைப் பூசணம் வளர்ந்து நஞ்சு விட்டிருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வது பி வகை, பச்சையாக ஒளிர்வது ஜி வகை. சாதாரண வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் முழுதும் அழியாது. இட்லிப் பானையின் சூடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

“வறுத்துவிட்டால் பூசணம் செத்துப்போகும்” என்று எங்களில் பலர் எண்ணியிருந்தோம். பூசணம் சாகும், நஞ்சு சாகாது. தேளை அடித்துக் கொன்ற பிறகும் கொட்டின கடுப்பு இருப்பது போல என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். சிஸ்டரே சிரித்துவிட்டார்.

நாங்களும் சிறு சோதனை ஒன்று செய்தோம். மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் நன்றாகக் காய்ந்த மல்லாட்டை, ஒன்றில் தண்ணீர் தெளித்த மல்லாட்டை, மூன்றாவதில் நனைந்த ரொட்டித் துண்டு போட்டு இறுக மூடி வைத்தோம். ஐந்தாம் நாள் நனைந்த இரண்டிலும் பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு பூத்திருந்தது. காய்ந்தது வைத்தபடியே இருந்தது. திறந்து முகர்ந்து பார்க்கப் போனவளைச் சிஸ்டர் தடுத்து, புட்டிகளைத் திறக்காமலே குழியில் புதைக்கச் சொன்னார்.

அந்த நஞ்சு குடலில் என்ன செய்கிறது? இங்கே எங்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. எல்லாப் பூசண நஞ்சும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினோம். அப்படியல்ல. அப்ளாடாக்சின் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே விரைவாக உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய்விடுகிறது. அதன் முதல் இலக்கு கல்லீரல். நெடுநாள் தின்றால் அங்கே புற்றுநோய்கூட உண்டாகலாம். குடலை நேராகத் தாக்குவதில் பேர்போனது வேறொன்று. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பியூசேரியம் என்னும் பூசணம் சுரக்கும் டிஆக்சிநிவலினால். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் கவலை வேண்டாம். விஞ்ஞானிகளே அதை ‘டான்’ என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள்.

டான் செல்லுக்குள் புகுந்ததும் ரைபோசோமைப் பிடித்துக்கொள்கிறது. ரைபோசோம்தான் அமினோ அமில மணிகளைக் கோத்துப் புரத மாலை கட்டும் பூக்காரி. பூக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டால் மாலை எப்படி வளரும்? உடலில் எங்கெல்லாம் வேகமாகப் புரதம் செய்யவேண்டுமோ அங்கெல்லாம் முதல் அடி விழுகிறது. மூன்று நாளைக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குடல் சுவரை விட வேகமானது எது? உறிஞ்சிகள் குட்டையாகின்றன. புது வாயில்காப்பாளர்கள் வருவதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் பூட்டுகளும் தளர்ந்து, வரக்கூடாதவை இடுக்கு வழியே உள்ளே கசிகின்றன. அமினோ அமிலம் குறைவாக உள்ளே வருவதால் புதுப் புரதம் குறைகிறது. புதுப் புரதம் குறைவதால் வாயில்கள் குறைகின்றன. வாயில்கள் குறைவதால் அமினோ அமிலம் இன்னும் குறைவாக வருகிறது. செக்குமாடு சுற்றுவது போல இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதைச் சோதனையிலும் கண்டிருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் மனிதக் குடல் செல்களைச் சோதனைச்சாலையில் வளர்த்து அவற்றின் மேல் டானை விட்டார்கள். செரின் என்னும் அமினோ அமிலம் உள்ளே செல்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. குளூகோஸ் வாயிலுக்கு அடி இன்னும் பலம், பாதியாகக் குறைந்தது. 2005இல் வியன்னா நகரத்தில் முட்டையிடும் கோழிகளின் சிறுகுடலை எடுத்துப் பார்த்தபோது, நஞ்சு பட்ட குடலில் புரோலின் நுழைவதும் தடைப்பட்டது. கோபுர வாயில்களை நினைத்துப் பாருங்கள். நஞ்சு எல்லா வாயிலையும் ஒரேயடியாக இழுத்துச் சாத்துவதில்லை. ஒன்றில் பாதிக் கதவு, இன்னொன்றில் முக்கால் கதவு என்று வெவ்வேறு அளவில் சாத்துகிறது.

அப்ளாடாக்சின் கல்லீரல்காரன் என்று சொன்னோம். ஆனாலும் அமினோ அமிலத்தை அது விட்டுவைப்பதில்லை. 1981இல் அமெரிக்காவில் கோழிகளுக்கு அதைத் தீவனத்தில் கொடுத்துப் பார்த்தவர்கள், கணையத்தின் செரிமான நொதிகள் குறைவதைக் கண்டார்கள். மாலையை அறுக்கும் கத்தரியே மழுங்கினால் மணி எங்கிருந்து கிடைக்கும்? மேலும் இந்த நஞ்சு கல்லீரலில் மாற்றம் அடைந்து, இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தின் லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சில வாரங்களாகவே ஒருவர் நஞ்சு தின்றுவருகிறாரா என்று மருத்துவர்கள் கண்டுபிடிப்பது இந்த ஒட்டலை இரத்தத்தில் அளந்துதான்.

ஆக்ராடாக்சின் என்று மூன்றாவது ஒருவன் உண்டு. 1965இல் தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அவன் உடம்பிலேயே பீனைல் அலனின் என்னும் அமினோ அமிலம் ஒட்டியிருக்கிறது. சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குள் நுழையும் திருடனைப் போல, உண்மையான பீனைல் அலனின் உட்காரவேண்டிய இடத்துக்கு அவன் போட்டி போடுகிறான். இவனைப்பற்றி இவ்வளவு போதும்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுக் கோழிகளின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

1974இல் இராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் காலமல்லாக் காலத்தில் மழை பெய்து மக்காச்சோளம் நனைந்தது. அங்கே வாழும் ஆதிவாசி மக்களுக்கு அதுதான் அன்றாட உணவு. எறிந்துவிட்டு வேறு வாங்கக் கையில் காசு ஏது? தின்றார்கள். மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து 397 பேர் படுத்தார்கள்; 106 பேர் இறந்தார்கள். மிச்சம் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே நோய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கிருஷ்ணமாச்சாரி முதலியோர் சென்று ஆராய்ந்து, அப்ளாடாக்சினே காரணம் என்று 1975இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

1987இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அறுவடைக் கோதுமை மழையில் நனைந்தது. அந்த மாவில் செய்ததைத் தின்ற மக்களுக்கு வயிற்றுவலி, தொண்டை எரிச்சல், பேதி, சிலருக்கு இரத்தபேதி. டாக்டர் ரமேஷ் பட் குழுவினர் பார்த்தபோது மாவில் டானும் அதன் உறவினர்களும் இருந்தன. குடலைத் தாக்குபவன் என்று மேலே சொன்னோமே, அவனேதான். 1995இல் தக்காணத்துக் கிராமங்களில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் தின்றவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்தன. அங்கே இருந்தது பியூமோனிசின் என்ற வேறொரு நஞ்சு. நல்லவேளையாக அவர்கள் குணமடைந்தார்கள்.

ஆனால் எங்களை மிகவும் வருத்தியது மைசூரில் நடந்ததுதான். குவாஷியார்க்கர் என்னும் புரதக் குறைவு நோயால் வாடிய குழந்தைகளுக்கு, உடல் தேறட்டும் என்று மல்லாட்டைப் புரத மாவை நாளுக்கு 30 முதல் 60 கிராம் கொடுத்தார்கள். எண்ணம் எவ்வளவு நல்லது! அந்த மாவில் கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் அளவுக்கு அப்ளாடாக்சின் கலந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. தெரிந்ததும் நிறுத்தினார்கள். என்றாலும் பின்னாளில் சில குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகிப்போனதைக் கண்டு, மருத்துவர்கள் அதை 1971இல் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். புரதம் வேண்டி நின்ற குழந்தைக்குப் புரதத்தின் கையிலேயே நஞ்சு வந்து சேர்ந்தது. இதைப் படித்த அன்று மாலை நாங்கள் அதிகம் பேசவில்லை. தவறு நேர்ந்ததை மறைக்காமல் எழுதிய அந்த மருத்துவர்களின் மேல் எங்களுக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. அவர்கள் எழுதியிராவிட்டால் பின்னால் வந்தவர்கள் மாவைச் சோதித்துக் கொடுக்கவேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 480 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், இந்த நஞ்சு அதிகம் இருந்த குழந்தைகளே வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் குட்டையாக இருந்தார்கள். வறுமை, அழுக்குத் தண்ணீர், அடிக்கடி வரும் பேதி என்று குட்டையாவதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு இதுவும் கூட்டுச் சேர்கிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். விருத்தாசலத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற பெயரோடு வரும் மல்லாட்டை இரகங்கள் அங்கே பிறந்தவை. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணுக்கு மல்லாட்டை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணுக்கு நெல்லும், நெல் அறுத்த ஈரத்தில் உளுந்தும். எல்லாவற்றுக்கும் பகை ஒன்றே: நேரமல்லா நேரத்து ஈரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையும் புயலும் நமக்குப் புதிதல்ல. நாங்கள் கைக்குழந்தைகளாய் இருந்தபோது, 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் கரையில் ஏறி, பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். மல்லாட்டைக்கு இன்னொரு சங்கடம். கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்தாலும், மண்ணுக்குள் இருக்கும் காயை இந்தப் பூசணம் பற்றிக்கொள்ளும். ஆகவே நஞ்சு சில சமயம் சாக்கில் ஏறுவதற்கு முன்பே, நிலத்திலேயே ஏறிவிடுகிறது. பிடுங்கிய காயை ஈரப்பதம் நூற்றுக்கு எட்டு, ஒன்பது வரும்வரை காயவைக்கச் சொல்கிறார்கள். நம் வீட்டில் ஈரமானி ஏது? காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு சலசலக்கவேண்டும் என்பதே எங்கள் தோழியின் அப்பாவுடைய கணக்கு.

கெட்ட மல்லாட்டை நேராக நம் வாய்க்குத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. சொத்தையும் சுருங்கலும் செக்குக்குப் போகின்றன. நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கி, பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற நஞ்சில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. அதற்கு அப்ளாடாக்சின் எம் என்று பெயர். 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு அனுமதித்த அளவான கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் முதலிடம் எது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. தமிழ்நாடுதான்: 551 மாதிரிகளில் 88. பாலில் யாரும் நஞ்சைக் கலக்கவில்லை. வீணாக்கக்கூடாதே என்று மாட்டுக்குப் போட்டது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

ஓர் ஆறுதலும் உண்டு. செக்கில் ஆட்டிய எண்ணெயில் சிறிது நஞ்சு இருந்தாலும், வெயிலில் வைத்தால் அது பெரும்பாலும் சிதைகிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் கண்டார்கள். எண்ணெயைத் தெளிவிக்க வெயிலில் வைக்கும் வழக்கத்தை நாங்கள் இதுவரை பாட்டிமார் சடங்கு என்று கேலி செய்திருக்கிறோம்! இனிச் செய்யமாட்டோம்.

இதையெல்லாம் படித்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி பெற்று நாங்கள் நால்வர் அந்தப் பண்ருட்டிப் பக்கத்துத் தோழியின் வீட்டுக்குப் போனோம். அவளுக்கு நாலு வயதில் தம்பி ஒருவன் இருக்கிறான். அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவு என்று அட்டையில் குறித்திருந்தார்கள். “புரதம் கொடுங்கள்” என்று சொன்னதால் அவள் அம்மா தினமும் மல்லாட்டை உருண்டை பிடித்துக் கொடுக்கிறார். நல்ல மல்லாட்டை மண்டிக்குப் போய்விடும். வீட்டுக்கு நிற்பது உடைசலும் கழிவும். நாங்கள் வாய் திறந்து விளக்கத் தொடங்கியதும் அவள் ஆயா, “அடிப் பொண்ணுங்களா, நாங்க எல்லாம் இதத் தின்னுதான் வளந்தோம். எங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்றார். ஆயாவுக்குப் பதில் சொல்ல எங்களால் ஆகவில்லை. அவர் கண் முன்னே எழுபது வயதுக்கு மேல் திடமாக உட்கார்ந்திருக்கிறாரே!

அப்போது தோழியின் அம்மா மெல்லக் கேட்டார்: “அப்ப இவன் தேறாததுக்கு நான் குடுத்த உருண்டைதான் காரணமா?”

அந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக வரவில்லை. “அப்படிச் சொல்லமுடியாது அத்தை. பிள்ளை இளைப்பதற்குப் பல காரணம் இருக்கும். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மல்லாட்டையை நிறுத்தவே வேண்டாம், அது நல்ல உணவு. பொறுக்கிவிட்டுக் கொடுத்தால் போதும்” என்று சொன்னோம். இதுவும் படித்ததுதான். ஒரு மூட்டையில் நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மிக அதிகமாகவும் மற்றவற்றில் இல்லாமலும் இருக்கும். ஆகையால் கையால் பொறுக்கி எடுப்பதே நஞ்சின் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

முறத்தை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். தோல் கறுத்தது, சுருங்கியது, பூச்சி துளைத்தது, பிளந்தால் உள்ளே பச்சையோ மஞ்சளோ படிந்தது என்று பிரித்தோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, “நீங்க பொறுக்குற லட்சணம் இதா?” என்று முறத்தைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அவர் விரலுக்குத் தப்பவில்லை. ஒரு படி பருப்பில் இரண்டு கைப்பிடி கழிவு வந்தது. வாயில் போட்டால் காறும் பருப்பு எதுவென்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. அதற்கு அவருக்கு எங்கள் ஆராய்ச்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கழிவைக் கையில் ஏந்திக்கொண்டு ஆயா எழுந்தார். வாசலில் கோழிகள் ஓடி வந்தன. நாங்கள் ஐவரும் ஒரே குரலில், “ஆயா, கோழிக்குப் போடாதீங்க!” என்று கத்தினோம். அவர் கோழிகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “கோழிக்குக்கூடவா குடல் இருக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தார். தம்பி முன்னால் ஓடிப்போய்க் குழி தோண்டினான்.